ஸ்பாரிங்ல உங்களுக்கு நிஜமாவே மாட்டற கிக் எது? எனக்கு ஒண்ணுகூட மாட்ட மாட்டேங்குது

ராணிப்பேட்ட ஷிஃப்ட்டு:

வணக்கம் மக்களே. சிப்காட்ல ஒரு கம்பெனில ஷிஃப்ட்டு வேல, வயசு 31, ஹைட்டு அஞ்சடி அஞ்சு இன்ச்சு, வெயிட்டு 74, அதுல ஒரு நாலு கிலோ ஆம்பூர் பிரியாணிக்கு சொந்தம். எட்டு மாசமா வேலூர் சத்துவாச்சாரி பக்கம் ஒரு மொட்டமாடி கிளாஸுக்கு போயினு இருக்கேன். கிக்பாக்சிங்னு போர்டு இருக்கு ஆனா மாஸ்டர் கராத்தேல இருந்து வந்தவரு, அதனால ரெண்டும் கலந்து வரும். மேல தகர ஷீட்டு, கீழ சிமெண்ட்டு மேல பசில் மேட்டு. நம்ம ஊரு வெயிலு தெரியும்ல, மே மாசம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேட்ட தாண்டி ஓரத்துல கால வெச்சா தோசக்கல்லு.

விஷயம் என்னன்னா, பேடுல அடிக்கும்போது எல்லா கிக்கும் சூப்பரா வருது. நேரா அடிக்கற ஃப்ரண்ட் கிக், பக்கவாட்டுல சுத்தி வர்ற ரவுண்ட் கிக், சைடு கிக், முதுக திருப்பி பின்னால அடிக்கற பேக் கிக்கு கூட ஓரளவுக்கு. பட்டாசு மாதிரி சத்தம் கேக்கும், கீழ் வீட்டு பாட்டி ரெண்டு தடவ மேல ஏறி வந்து திட்டிட்டு போயிருக்காங்க. ஆனா சனிக்கிழம ஜோடி போட்டு மோதற ஸ்பாரிங்னு வந்துட்டா ஒண்ணும் கிடையாது. நான் கால தூக்கறதுக்குள்ள எதிர்ல ஆளே இருக்க மாட்டான், இல்லன்னா கால அப்படியே கையில புடிச்சுக்குவான், நான் ஒத்தக்கால்ல கொக்கு மாதிரி நொண்டிட்டு நிப்பேன், எல்லாரும் சிரிப்பாங்க.

போன மாசம் விலா எலும்ப பாத்து ஒரு ரவுண்ட் கிக் முழு வேகத்துல விட்டேன், அவன் ஒண்ணும் பண்ணல, முழங்கைய சும்மா உள்ள இழுத்தான், அவ்ளோதான், என் பாதத்து மேல்பக்கம் நேரா அந்த முழங்கை முனையில போயி மோதி அடுத்த நாள் காலையில பாதம் பன்னு மாதிரி உப்பிடுச்சு. சேஃப்டி ஷூ உள்ளயே போகல, செருப்போட ஷிஃப்ட்டுக்கு போய் சூப்பர்வைசர் கிட்ட வாங்கி கட்டிக்கினேன்.

எனக்கு பார்ட்னரா வர்ற பையன் காலேஜ் படிக்கறான், 19 வயசு, ஊதுபத்தி மாதிரி இருப்பான், அவன் அடிக்கறது ஒரே ஒரு கிக்கு, வயித்துல கால வெச்சு ஒரு தள்ளு. எட்டு மாசமா அதையே தான் அடிக்கறான், எட்டு மாசமா நான் வாங்கறேன்.

உங்க ஃபேவரிட் கிக் எது, ஸ்பாரிங்ல எப்படி மாட்ட வைக்கறீங்க, அத சொல்லுங்க. வீடியோல பாத்தது வேணாம், நீங்க நிஜமா யார் மேலயாவது அடிச்சது மட்டும்.

---

குடியாத்தம் தீப்பெட்டி:

ப்ரோ அந்த பையன் அடிக்கறதுக்கு தாய்லாந்துக்காரங்க வெச்ச பேரு தீப். நான் தீப்பெட்டி ஊர்க்காரன், இத பத்தி பேச எனக்கு பொறப்புரிமை இருக்கு 😄

பெங்களூர்ல வேல பாத்தப்ப ரெண்டு வருஷம் முவே தாய்ங்கற தாய்லாந்து சண்ட கிளாஸ் போனேன், என் ஃபேவரிட்டும் அதான். அது வலிக்க வைக்கறதுக்கான கிக்கே கிடையாது, பாக்சிங்ல முன்கையால விடற ஜாப்னு ஒரு குத்து எப்படியோ அப்படி. எதிராளி ஒரு ஸ்டெப்பு உள்ள வர்றான் பாருங்க, அவன் எடுத்து வெச்ச கால் இன்னும் தரையில முழுசா பதியல, அந்த நேரத்துல தொப்புளுக்கு கொஞ்சம் கீழ கால வெச்சு தள்ளிட்டீங்கன்னா அவன் பிளான் பண்ணது எல்லாம் போச்சு, மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். நாலு தடவ இப்படி ஆச்சுன்னா அவனுக்கு கடுப்பு ஏறும், கடுப்புல கைய கீழ இறக்குவான், அப்ப மேல அடிச்சுக்கலாம்.

எல்லாரும் பண்ற தப்பு கால நேரா தரையில இருந்து நீட்டறது. அப்படி நீட்டினா அது அவன் தொடையில வழுக்கிட்டு கீழ போயிரும். மொதல்ல முட்டி நெஞ்சு கிட்ட வரணும், அப்புறம் இடுப்பு முன்னால போகணும், பாதம் கடைசியா போற சாமான். ரூமுக்குள்ள ஒரு பீரோவ காலால நகத்தறீங்கன்னு வெச்சுக்கங்க, எட்டி ஒதைக்க மாட்டீங்கல்ல, வெச்சு தள்ளுவீங்க.

ப்ராக்டிஸ் பண்ண ஒரு பஞ்சிங் பேக் போதும். பேக்க தள்ளி விடுங்க, அது ஆடி திரும்ப வரும், வரும்போது நடுவுல தீப் வெச்சு நிறுத்துங்க. லேட்டானா பேக் உங்கள தள்ளும், சீக்கிரம் வெச்சா கால் காத்துல நிக்கும். இத பத்து நாள் பண்ணாலே டைமிங் வந்துரும்.

---

வெயிலூர்க்காரன்:

என் ஃபேவரிட் கிக் எங்கப்பாவோட பழைய புல்லட் கிக்கரு. அது ஒண்ணு தான் உலகத்துல நாம ஒதைச்சா திருப்பி ஒதைக்கற கிக்கு. கெண்டக்கால்ல தழும்பு இருக்கு, போட்டோ போடவா.

---

கொசப்பேட்ட அண்ணாத்த:

தம்பி இன்னா இத்தினி பேரு வெச்சுகினு கீறீங்க, தீப்பு காப்புனு. கராத்தேல அதுக்கு மாய் கெரி, மொத நாள் மொத கிளாஸ்ல சொல்லி குடுக்கற ஒதை. நான் 90கள்ல கோட்ட மைதானத்துல காலைல அஞ்சரைக்கு கத்துகினவன், அப்ப மேட்டும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, நெருஞ்சி முள்ளு தான். இன்னி வரைக்கும் ஸ்பாரிங்ல எனக்கு சோறு போட்டது மாய் கெரி தான். அத்த உட்டா ஒரு பின்கால் மாவாஷி, அதான் உங்க ரவுண்ட் கிக்கு, அவ்ளோ தான், மூணாவது கிக்கு எனக்கு தெரியாதுன்னு வெச்சுக்கோயேன்.

ஆனா குடியாத்தம் தம்பி சொல்றது தள்ளு, நான் சொல்றது குத்து. ரெண்டும் ஒரே மாரி தான் கிளம்பும், முட்டி மேல வர்ற வரைக்கும் வித்தியாசம் தெரியாது. தள்ளுல பாதம் ஒட்டிகினு போவும். குத்துல கால் விரல் எல்லாத்தையும் மேல வளைச்சுகினு, விரலுக்கு கீழ ஒரு மேடு கீது பாரு, அந்த மேட்டால டக்குனு ஒரு குத்து, போன வேகத்த விட சீக்கிரம் திரும்ப வரணும். திரும்ப வர்றது தான் முக்கியம், தம்பி கால புடிச்சுகிறாங்கோன்னு சொன்னியே, நீ காலு அங்கயே வாடகைக்கு உட்டுட்டு வர்றே, அதான் புடிக்கறான்.

விரல மடக்காம அடிச்சா இன்னா ஆவும்னு நான் சொல்றேன் கேளு. ஒரு தடவ பெல்ட் டெஸ்ட்டு, எதிர்ல இருந்தவன் புது பெல்ட்டு, முடிச்சு கல்லு மாரி இருந்துச்சு. நான் விட்ட மாய் கெரி நேரா அந்த முடிச்சுல, கட்டவிரல் நகம் முடிச்சுக்குள்ள மாட்டிகிச்சு. நான் கால இழுக்கறேன், நகம் வரல. பாதி நகம் அவன் பெல்ட்டுலயே நின்னுச்சு. அவன் அந்த நகத்த பாத்துட்டு மயக்கம் போட்டுட்டான், எனக்கு பாயிண்ட்டு குடுக்கறதா வேணாமான்னு ரெஃப்ரிக்கு குழப்பம். குடுக்கல.

போட்டில மூஞ்சிக்கு கால் போச்சுன்னா 3 பாயிண்ட்டு, வயித்துக்கு 2, கையால குத்தினா 1. அதனால பசங்கோ எல்லாம் மூஞ்சிக்கே தூக்குறானுங்கோ. ஒலிம்பிக்ல கராத்தே ஒரே ஒரு தடவ தான் வந்துச்சு, டோக்கியோல, 2021ல நடந்துச்சே அது, அப்பால பாரிஸ்ல எடுத்துட்டானுங்கோ, அந்த வயித்தெரிச்சல் வேற கதை.

---

ஆம்பூர் லோகிக்:

அண்ணாத்த நகம் கதை வேற லெவல் 😂😂

ஆனா யாருமே லோ கிக் சொல்லலியே. 5 அடி 5 இன்ச்சு இருக்கற ஆளு ஏன் விலாவுக்கு தூக்கணும், தொட அவ்ளோ பெருசா எதிர்லயே நிக்குது, அது எங்கயும் குனிஞ்சு தப்பிக்காது. என் கணக்கு ரொம்ப சிம்பிள், முன்கையால ஜாப், பின்கையால கிராஸ், அப்புறம் லோ கிக். கை மூஞ்சிக்கு போனா மனுஷன் கண்ணு மேல தான் இருக்கும், வெயிட்டு முன்கால் மேல இறங்கும், வெயிட்டு நிக்கற கால அவனால தூக்க முடியாது, அந்த நேரத்துல வெளிப்பக்க தொடையில முட்டிக்கு கீழ இருக்கற உங்க முன்னெலும்பு படணும். பாதம் இல்ல ப்ரோ, முன்னெலும்பு. பாதத்துல சின்ன சின்ன எலும்பு நெறைய, முழங்கை மேல பட்டா அது தான் நொறுங்கும், உங்களுக்கு உப்பினதோட போச்சேன்னு சந்தோஷப்படுங்க.

ஒண்ணு மட்டும், வெறும் லோ கிக்க தனியா விடவே விடாதீங்க. முன்னாடி கை இல்லாம விட்டா அவன் முட்டிய தூக்கி தடுப்பான், எலும்பும் எலும்பும் மோதும், மோதினா அடிச்சவனுக்கு தான் சேதம். யூஎஃப்சின்னு பெரிய சண்ட போட்டில 2013 டிசம்பர்ல ஆண்டர்சன் சில்வா விட்ட லோ கிக்க கிறிஸ் வைட்மேன் அப்படி முட்டிய தூக்கி தடுத்தாரு, சில்வா கால் ரெண்டா மடங்கிச்சு, பாத்தவனுக்கு ரெண்டு நாள் சோறு இறங்காது. அத விட கொடும, 2021 ஏப்ரல்ல அதே வைட்மேன் உரையா ஹால் கூட ஆடும்போது மொத லோ கிக் விட்டாரு, ஹால் தடுத்தாரு, வைட்மேன் கால் அதே மாதிரி மடங்கிச்சு. ஊழ்வினைன்னு எங்க தமிழ் வாத்தியார் சொன்னது அன்னிக்கு தான் புரிஞ்சுது.

அப்புறம் பேக் பத்தி ஒரு விஷயம். எங்க ஊர்ல தோல் துண்டுக்கு பஞ்சமில்ல, நானும் ஃப்ரெண்டும் ஷூ தைக்கற ஒருத்தர புடிச்சு பேக் தைச்சோம், உள்ள மணல் போட்டோம். ஒரே மாசம். மணல் எல்லாம் கீழ இறங்கி, பேக்கோட அடிப்பாகம் திருவுக்கல்லு ஆயிடுச்சு, லோ கிக் அடிக்கற இடம் கரெக்டா அது தான். முன்னெலும்புல இப்பவும் ஒரு குழி இருக்கு, தடவினா தெரியும். பழைய துணிய கிழிச்சு இறுக்கமா அடைங்க, மணல் போடவே போடாதீங்க.

---

கொசப்பேட்ட அண்ணாத்த:

ஐய, தொடைல அடிக்கறது இன்னா வித்த, மாட்டுக்கு கூட தெரியும்.

---

ஆம்பூர் லோகிக்:

அண்ணா கராத்தேலயே கியோகுஷின்னு ஒரு ஸ்டைல் இருக்கே, அதுல அது தானே மெயினு, அங்க மூஞ்சில கை வைக்க கூடாது ஆனா தொடைல எத்தினி வேணா அடிக்கலாம். ஓயாமான்னு ஒரு மாஸ்டர் ஆரம்பிச்சது. அதுல இருந்து வந்த ஆண்டி ஹக் கே-ஒன்ங்கற கிக்பாக்சிங் போட்டில பெரிய பெரிய ஹெவிவெயிட் ஆளுங்க நடுவுல குள்ளமா இருந்துகினு 1996 கிராண்ட் ப்ரீ அடிச்சாரு. எல்லாரும் அவரு ஆக்ஸ் கிக்க பத்தி தான் பேசுவாங்க, கால தலைக்கு மேல தூக்கி கோடாலி மாதிரி குதிகால எறக்குவாரே அது. ஆனா அந்த ஃபைனல்ல முடிச்சது எது தெரியுமா, சுத்தி வந்து குதிகாலால தொடையில ஒரு அடி. தொட தான் ண்ணா.

---

கொசப்பேட்ட அண்ணாத்த:

சரி சரி. ஒத்துகிறேன். மாடுன்னு சொன்னத வாபஸ் வாங்கிகிறேன்.

---

காட்பாடி கட்கிக்:

நான் டேக்வாண்டோ, காட்பாடில சின்ன பசங்களுக்கு சொல்லி குடுக்கறேன், பதினாலு வருஷமா இதுல இருக்கேன். எல்லாரும் அடிக்கற கால பத்தியே பேசறீங்க, கேள்வி கேட்ட தம்பியோட பிரச்சன அதுல இல்லன்னு எனக்கு தோணுது. முழு வேகத்துல விட்ட ரவுண்ட் கிக் விலாவுக்கு போகாம முழங்கையோட நிக்குதுன்னா, கால் கீழ இருந்து மேல சாய்வா போயிருக்கு, இடுப்பு திரும்பல. இடுப்பு ஏன் திரும்பல, ஊனின கால் திரும்பல.

தம்பி ஒண்ணு பண்ணுங்க. மேட்டுல சாக்பீஸால உங்க ஊனுற பாதத்த சுத்தி கோடு போடுங்க, குழந்தைங்க நோட்டுல கைய வெச்சு வரைவாங்கல்ல அந்த மாதிரி. அப்புறம் பேடுல ஒரு ரவுண்ட் கிக் அடிச்சு அப்படியே கால இறக்காம நில்லுங்க, கீழ பாருங்க. குதிகால் எதிராளி பக்கம் திரும்பியிருக்கணும். கோட்டுக்குள்ளயே பாதம் அப்படியே உக்காந்திருந்தா, இடுப்பு பூட்டிகிச்சுன்னு அர்த்தம், நீங்க அடிக்கறது காலால மட்டும் தான். என் பசங்க பத்து பேர்ல எட்டு பேர் மொத தடவ கோட்டுக்குள்ளயே நிப்பாங்க, அதுக்கப்புறம் என்னைய ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க, அதுவா புரிஞ்சுடும்.

இத நான் ஏன் இவ்ளோ நீட்டி சொல்றேன்னா என் வலது முட்டி இதால தான் போச்சு. ஒரு தடவ புது ரப்பர் மேட்டு போட்டிருந்தாங்க, நல்ல பிடிப்பு, வியர்வ வேற, நான் வேகமா பேக் கிக்குக்கு சுத்தினேன், உடம்பு சுத்திச்சு, தொட சுத்திச்சு, பாதம் மட்டும் மேட்ட விடல. முட்டிக்குள்ள ஈரத்துணிய முறுக்கற மாதிரி ஒரு சத்தம். எனக்கு மட்டும் தான் கேட்டுச்சு போல, மத்தவங்க அடுத்த ரவுண்டுக்கு கூப்டுனு இருந்தாங்க. நாலு மாசம் எதுவும் இல்ல, அம்மா கல்யாண பேச்சு எடுக்க அந்த நாலு மாசம் அவங்களுக்கு வசதியா போச்சு. அதனால முட்டி விஷயத்துல யாரும் வீரம் காட்டாதீங்க, குதிகால ஒரு துளி தூக்கி, விரலுக்கு கீழ இருக்கற பாதத்து மேட்டுல சுத்தணும், தரையில போட்ட ரப்பர் மேட்டு ஈரமா இருந்தா துணி வெச்சு தொடச்சிட்டு ஆரம்பிங்க. வேலூர் வெயில்ல ரெண்டு ரவுண்டுக்கு ஒரு தடவ தொடைக்கணும், எங்க கிளாஸ்ல பழைய லுங்கி ஒண்ணு அதுக்குன்னே இருக்கு.

அந்த நாலு மாசத்துல தான் பில் வாலஸ் பத்தி படிச்சேன். அமெரிக்காக்காரர். 1966ல ஜூடோல வலது முட்டி போச்சு, சரி வலது கால் ஊனறதுக்கு மட்டும்னு வெச்சுகிட்டு இடது காலால மட்டுமே ஒதைச்சாரு. எதிர்ல நிக்கறவங்க எல்லாருக்கும் தெரியும் இடது கால் தான் வரும்னு, தெரிஞ்சும் ஒண்ணும் பண்ண முடியல, 1980ல ரிட்டயர் ஆகற வரைக்கும் புரொஃபஷனல் கிக்பாக்சிங்ல ஒரு தோல்வி இல்ல. அவரோட ரகசியம் ஒரே முட்டி தூக்கல். சைடு கிக்கும் ரவுண்ட் கிக்கும் குதிகால கொக்கி மாதிரி இழுக்கற ஹூக் கிக்கும் ஒரே இடத்துல முட்டி வந்து நின்னு அங்க இருந்து தான் பிரியும். முட்டி வந்துடுச்சு, ஆனா எது வரப்போகுதுன்னு உங்களுக்கு தெரியாது. அத படிச்சிட்டு நானும் இடது கால மட்டும் வெச்சு ஆரம்பிச்சேன், இன்னிக்கு என் ஃபேவரிட் கிக் முன்கால் கட் கிக், அதே காலால தலைக்கு ஒரு ரவுண்ட் கிக். கட் கிக்னா பெருசா ஒண்ணுமில்ல, முன்கால் முட்டிய மடிச்சு தூக்கி எதிராளி வர்ற வழிய மறிக்கறது, அவன் கால் கிளம்பறதுக்கு முன்னாடியே அவன் தொடையிலயோ வயித்துலயோ நம்ம பாதம் இருக்கும். கேட்டு போட்ட மாதிரி.

இதுக்கு நெறைய பேர் திட்டுவாங்க, எலக்ட்ரானிக் சென்சார் வந்ததுக்கப்புறம் டேக்வாண்டோ காலால கத்திச்சண்ட போடற மாதிரி ஆயிடுச்சுன்னு. அதுல உண்ம இருக்கு. 2012 லண்டன் ஒலிம்பிக்ல இருந்து மார்புக்கவசத்துல சென்சார், 2016 ரியோல இருந்து தலைக்கவசத்துலயும், சாக்ஸுல காந்தம். முன்கால தூக்கியே வெச்சுகினு தொட்டு தொட்டு பாயிண்ட் எடுக்கறாங்க. எனக்கும் பழைய ஸ்டைல் தான் பாக்க புடிக்கும். ஆனா முட்டி போனவளுக்கு முன்கால் கிக் தான் கடவுள்.

---

வெயிலூர்க்காரன்:

அக்கா சாக்பீஸ் மேட்டர் இப்ப தான் வீட்ல பண்ணி பாத்தேன், கோட்டுக்குள்ளயே நிக்கறேன். சிவப்பு ஆக்சைடு தரைல கோடு போட்டதுக்கு அம்மா கிட்ட வாங்கினது தனி.

---

குடியாத்தம் தீப்பெட்டி:

கால் மாட்டிகிச்சுன்னா என்ன பண்றதுன்னு யாரும் சொல்லல. நொண்டிட்டு பின்னால போகாதீங்க, அது தான் எல்லாரும் பண்றது, பின்னால போனா அவன் ஊனின கால தட்டி விட்டுடுவான். முன்னால போங்க. புடிச்ச கால முட்டிய மடக்கி அவன் பக்கம் சாஞ்சு, ஒரு கையால அவன் பின்கழுத்த புடிச்சுக்கங்க. ஒதை வாங்கறதுக்கு பதிலா கட்டிபுடி வைத்தியம். பேலன்ஸ் வந்ததும் புடிச்ச கால கீழ அழுத்தி இறக்கிடலாம்.

பேக் கிக் பத்தி சொல்லியிருந்தீங்க, அது அழகான கிக் தான் ஆனா அவன் உங்க மேல பாஞ்சு வர்றப்ப மட்டும். நின்னுகினு இருக்கறவன் கிட்ட முதுக காட்டினா உங்களுக்கு நல்ல நேரம் இல்ல.

---

ராணிப்பேட்ட ஷிஃப்ட்டு:

எல்லாருக்கும் நன்றி. காட்பாடி அக்கா சொன்ன சாக்பீஸ் டெஸ்ட்டு பண்ணேன். சத்தியமா சொல்றேன் குதிகால் ஒரு இன்ச்சு கூட நகரல, எட்டு மாசமா கோட்டுக்குள்ள நின்னு குடும்பம் நடத்தியிருக்கேன். மாஸ்டர் கிட்ட காட்டினேன், "இத தான்பா மொத வாரத்துல இருந்து கத்தினு இருக்கேன்"ன்னாரு. கத்தினாரு தான், குதிகால திருப்ப சொல்லி "பிவட் பிவட்"னு கேட்டது எல்லாம் எனக்கு ஏதோ ஜப்பான் வார்த்தன்னு நெனச்சுகினு இருந்தேன்.

எங்க மாடில ஒரு மூலைல வெயிட்டு எல்லாம் கெடக்குது (சத்துவாச்சாரி ஆச்சே, சதீஷ் சிவலிங்கம் 2014லயும் 2018லயும் காமன்வெல்த்ல தங்கம் அடிச்ச ஊரு, எந்த மாடிக்கு போனாலும் ஒரு பார்பெல் இருக்கும்). மாஸ்டர் அந்த பார்பெல் ராட புடிச்சுக்க சொல்லி, கால மெதுவா தூக்கி குதிகால திருப்பி, முட்டிய அங்கயே பத்து எண்ணற வரைக்கும் நிறுத்தி, அப்புறம் நீட்டுன்னாரு. ஒரு பக்கம் 20. வேகமா 200 அடிச்சப்ப வலிக்காத இடுப்பு இதுல மூணாவதுலயே கத்திச்சு. அடுத்த நாள் கம்பெனில மாடிப்படி ஏற கைப்பிடிய புடிச்சுகினு தான் ஏறினேன்.

சனிக்கிழம ஸ்பாரிங் இருக்கு. வந்து சொல்றேன்.

---

ஆம்பூர் லோகிக்:

ஜாப், கிராஸ், லோ கிக். மறந்துடாத ப்ரோ. ஷின் கார்டு போட்டுக்க, பாதி வேகம் போதும், அவன் காலேஜுக்கு நடந்து போகணும்.

---

ராணிப்பேட்ட ஷிஃப்ட்டு:

சனிக்கிழம ரிப்போர்ட்டு.

மொத ரவுண்டு வழக்கம் போல. அவன் தள்ளினான், நான் வாங்கினேன். ரெண்டாவது ரவுண்டுல ஆம்பூர் ப்ரோ சொன்ன மாதிரி ஜாப் கிராஸ் போட்டு லோ கிக் விட்டேன், குதிகால் திரும்பறது எனக்கே தெரிஞ்சுது, பட்டுனு தொடையில விழுந்துச்சு. எட்டு மாசத்துல மொத தடவ!! அந்த சந்தோஷத்துல அங்கயே நின்னு மாஸ்டர திரும்பி பாத்தேன் பாருங்க, அதுக்குள்ள வயித்துல ஒரு தள்ளு, நான் பார்பெல் கிட்ட போய் உக்காந்தேன்.

அதுக்கப்புறம் ரவுண்ட் கிக் நாலு விட்டேன், குதிகால் எல்லாம் சுத்திச்சு, அழகா போச்சு, ஆனா ஒண்ணு கூட மாட்டல. எப்படி தான் அவனுக்கு முன்னாடியே தெரியுதுன்னு எனக்கு மண்ட காஞ்சிடுச்சு. முடிச்சிட்டு கீழ டீக்கடைல அவன் கிட்டயே கேட்டேன், டேய் நான் கண்ணால அந்த எடத்த பாக்கறனா, கைய எறக்கறனா, தோள் ஆடுதா, எத வெச்சுடா கண்டுபுடிக்கறன்னு.

அவன் டீய கீழ வெச்சிட்டு கொஞ்சம் நெளிஞ்சான். "அண்ணா தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. நீங்க கிக் அடிக்கறதுக்கு முன்னாடி மூக்க ஒரு உறிஞ்சு உறிஞ்சுவீங்கண்ணா. சர்ருனு. மூக்கொழுகற கொழந்த மாதிரி. எட்டு மாசமா கேக்குதுண்ணா. லோ கிக் வந்தப்ப கைய வீசற அவசரத்துல நீங்க உறிஞ்சல, அதான் வாங்கிட்டேன்."

கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியுமாம். மாஸ்டருக்கும். பேடு புடிக்கறவங்க அந்த சத்தத்த கேட்டு தான் பேட டைட்டா புடிப்பாங்களாம்.

---

காட்பாடி கட்கிக்:

ஐயோ தம்பி 😂😂😂 என்னால முடியல. கிக் படற நேரத்துல மூச்ச வெளிய விடணும், நீங்க கிளம்பும்போது உள்ள இழுத்து அடக்கறீங்க. வாய சும்மா லேசா தெறந்து வெச்சுகினு ஸ்பாரிங் பண்ணுங்க, மவுத் கார்டு கண்டிப்பா போட்டுக்கங்க, ரெண்டு வாரத்துல போயிடும்.

---

வெயிலூர்க்காரன்:

புல்லட்டும் ஸ்டார்ட் ஆகறதுக்கு முன்னாடி இப்படி தான் ஒரு உறிஞ்சு உறிஞ்சும்.

---

கொசப்பேட்ட அண்ணாத்த:

தம்பி அக்கா பேச்ச கேக்காத, அந்த உறிஞ்ச உடாத. அடுத்த சனிக்கெழம நல்லா சர்ருனு ஒண்ணு உறிஞ்சு, அவன் காலுக்கு பயந்து கைய கீழ கொண்டாருவான் பாரு, நீ கால தூக்காத, மூஞ்சில சொம்மா ஒரு ஜாப் வெய்யி. அத்த மூணு தடவ பண்ணு. நாலாவது தடவ உறிஞ்சிட்டு நெசமாவே மாய் கெரி உடு. இன்னா ஆச்சுன்னு வந்து சொல்லு, நகத்த வெட்டிகினு போ.